தகரம் அடித்த வீட்டுக்குப் பிடியரிசி

போன மாதம் கோவில்பட்டியில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த கிராம சுகாதார செவிலியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்றவள் என்ற முறையில் என்னையும் ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டார்கள். தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, வீடு வீடாகப் போகும் முறை என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாமாம். "அந்த அரிசி விஷயத்தை மட்டும் விட்டுருங்க மேடம். இப்ப காலம் சரியில்ல" என்று ஏற்பாடு செய்த அலுவலர் போனில் சொன்னார். காலம் சரியில்லாதபோது நடந்ததுதான் அந்த அரிசி விஷயம். அப்படியானால் நான் வரவில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன். ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இப்போது இல்லை.

என் பெயர் எஸ்தர். புதூர் வட்டாரத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். ஜனங்களுக்கு நான் நர்ஸம்மா. பயிற்சிப் பள்ளி, விடுதிச் சாப்பாடு, முதல் ஊசி என்பதெல்லாம் எல்லா நர்ஸுக்கும் ஒரே கதைதான், அதைத் தள்ளிவிடுகிறேன். பயிற்சியில் படித்ததைவிட சண்முகத்தாய் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு படித்ததுதான் எனக்கு அதிகம்.

அக்கா எங்களுக்கு மேலே சமுதாய சுகாதார செவிலியர். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். நெற்றி நிறையத் திருநீறு, செவ்வாய்க்கிழமை விரதம், கையில் ஒரு மர ஸ்கேல், பச்சை மை பேனா. எந்தத் துணை சுகாதார நிலையத்துக்கு வந்தாலும் நாம் துடைத்துப் போடும் நாற்காலியில் உட்கார மாட்டார். பிரசவக் கட்டிலின் விளிம்பில்தான் உட்காருவார். பதிவேட்டை மடியில் விரித்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே ஸ்கேலை வைத்து, உதடு அசையாமல் படிப்பார். சத்தம் போட்டதே கிடையாது. ஸ்கேல் ஒரு வரியில் நின்றுவிட்டால் அங்கே ஏதோ தப்பு என்று அர்த்தம்.

தடுப்பூசி நாளன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவோம். ஐஸ் பாக்கெட்டை உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் மருந்தோடு வைக்கக் கூடாது. மேஜையில் வைத்து, அது வேர்க்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் களக் களக் என்று சத்தம் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் வைத்தால் சில மருந்துகள் உறைந்து வீணாகிவிடும். ஊசி போட்டது போலவே இருக்கும், பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்காது. பஸ் போய்விடும் என்ற அவசரத்தில் இதை யார் பார்ப்பார்கள்? அக்கா பார்ப்பார். பஸ்ஸிலேயே ஏறி, பெட்டியைத் திறந்து, பாக்கெட்டைக் காதில் வைப்பார். "தண்ணிச் சத்தம் கேக்கலயே. எறங்கு" என்பார். கண்டக்டர் விசிலைக் கடித்துக்கொண்டு நிற்பார். நாங்கள் இறங்குவோம்.

ஒரு தடவை அக்காவிடம் நான் வசமாக மாட்டினேன். அப்போது எனக்குப் பத்து வருஷ சர்வீஸ், கொஞ்சம் திமிரும் உண்டு. பிரசவம் முடிந்து பத்து நாளான ஒரு தாயைக் கடைக்கோடிக் குடியிருப்பு ஒன்றில் போய்ப் பார்க்க வேண்டும். கரிசல் வெடித்துக் கிடந்த சித்திரை வெயில். வழியில் பார்த்த ஒரு பெண் "நல்லாத்தான் இருக்கா" என்று சொன்னதை நம்பி, பாதியிலேயே திரும்பி வந்து, "பார்த்தேன். தாயும் சேயும் நலம்" என்று எழுதிவிட்டேன்.

மறுநாள் ஸ்கேல் அந்த வரியில் நின்றது.

"இந்த வீட்ல யாரப் பாத்த?"

"தாயையும் பிள்ளையையும்தாங்க்கா."

"நேத்து மத்தியானம் நான் அங்கன நடந்து போனேன். அவ அம்மை வீட்டுக்கு எட்டயபுரம் போயி ஆறு நாளாச்சு. நீ யாரப் பாத்து நலம்னு எழுதுன?"

அக்கா மெமோ கொடுக்கவில்லை. அப்போதே என்னை எட்டயபுரத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார். போய்ப் பார்த்தால், பிள்ளையின் தொப்புளில் சீழ். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கையை விட்டுப் போயிருக்கும். மருந்து கொடுத்துப் பிழைக்கவைத்தோம். திரும்பி வந்து நின்றபோது அக்கா சொன்னது இவ்வளவுதான்: "நடந்தத எழுதாம விட்டா நமக்குத்தான் திட்டு. நடக்காதத எழுதுனா ஆளு செத்துப்போவும். மனசுல வச்சிக்கோ." வைத்துக்கொண்டேன். அதுதான் பின்னால் அக்காவுக்கே எதிராக நின்றது.

நான் கிறிஸ்தவச்சி. எங்கள் பக்கத்தில் வேதக்காரி என்பார்கள். மதம் மாறுவதை வேதத்துக்கு மாறுவது என்பார்கள். ஊசியைக் கையில் எடுக்கும்போது மனதுக்குள் "இயேசப்பா" என்று சொல்லிக்கொள்வேன். அது எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம். பிரசவ வலியில் கிடக்கும் எந்தப் பெண்ணிடமும் நான் வசனம் சொன்னதில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு இடுப்பைப் பிடித்துவிட ஆள் வேண்டும். கிறிஸ்தவ அன்பு என்று மைக்கில் முழங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். எங்கள் சபையில் அன்பு என்றால் என்ன என்று கேட்டால் நான் பிடியரிசி டப்பாவைத்தான் காட்டுவேன்.

பிடியரிசி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பெண்கள் உலையில் அரிசி போடும்முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவார்கள். வீட்டில் பஞ்சம் என்றாலும் பிடி சிறிதாகுமே தவிர நிற்காது. ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஒரே பாத்திரத்தில் கொட்டுவார்கள். கோயில் என்று நாங்கள் சொல்வது சர்ச்சைத்தான். ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் பச்சரிசி, ஒரு வீட்டில் இட்லி அரிசி, எல்லாம் கலந்துவிடும். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். சோறாக்கினால் ஒன்று குழையும், ஒன்று விதையாக நிற்கும். அதனால் மாவரைக்கிறவர்கள்தான் ஏலம் எடுப்பார்கள்.

கொரோனா வந்த முதல் வருஷம். வடக்கே முறுக்குக் கம்பெனிகளுக்குப் போயிருந்த எங்கள் பக்கத்து ஜனங்கள், இருந்த வேலையும் போய், எப்படியெல்லாமோ ஊர் வந்து சேர்ந்தார்கள். அப்படி வந்தவர்களில் முத்துமாரியும் அவள் புருஷனும் உண்டு. ஆடு மேய்க்கும் குடும்பம். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை, அந்த ஊரில் நல்லவர்களும் இருக்கிறார்கள். புருஷனுக்குப் பரிசோதனையில் நோய் இருக்கிறது என்று வந்ததும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் முத்துமாரியும் மாமியாரும் மட்டும். இரண்டு பேருக்கும் நோய் இல்லை. ஆனாலும் பதினான்கு நாள் வெளியே வரக் கூடாது என்று வாசலுக்குக் குறுக்கே கம்பு நட்டுத் தகரம் அடித்தார்கள். ஒரு பக்கம் முழங்கை அகலத்துக்கு இடைவெளி விட்டார்கள். அவள் எட்டு மாதக் கர்ப்பிணி. ரத்தம், அதாவது ஹீமோகுளோபின், ஏழுதான் இருந்தது. குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும். அந்த ஏழோடு பிரசவத்துக்குப் போனால், கொஞ்சம் உதிரம் கூடுதலாகப் போனாலும் தாய் பிழைக்க மாட்டாள். எனக்கு அந்த வீட்டைப் பற்றி இருந்த பயமெல்லாம் அதுதான்.

தினமும் போய்ப் பார்த்து எழுதுவது என் வேலை. காய்ச்சல் எவ்வளவு, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் எவ்வளவு, இருமல் உண்டா. பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில், அத்தியாவசியப் பொருள் கிடைத்ததா. முதல் நாள் "இல்லை" என்று எழுதினேன். இரண்டாம் நாள் "இல்லை." கொண்டுவந்து கொடுக்க வேண்டியவர்களுக்குப் போன் செய்தேன். வருகிறோம் என்றார்கள். தெரு முனைவரை வந்து, பயந்து திரும்பியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் "இல்லை." தெருக்குழாய்க்கு அவர்கள் வரக் கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு பலசரக்குக் கடை. கடைக்கார அண்ணாச்சியிடம் நானே போய் அரிசி கேட்டேன்.

"யாருக்கு நர்ஸம்மா? ஒங்களுக்கா, அந்த வீட்டுக்கா?"

"அந்த வீட்டுக்குத்தான்."

"அப்ப இல்ல. அந்தத் துட்டத் தொட்டு நான் சீக்கு வாங்கவா?"

"துட்டு என் துட்டு அண்ணாச்சி."

"ஒங்க கையும் அங்கன போயிட்டு வார கைதான?"

என் வீட்டு அரிசியைக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்று ஊர்களில் ஆறு வீடுகளை அடைத்திருந்தார்கள். முதல் இரண்டு வீட்டிலேயே என் பானை காலி. நான்காம் நாள் தகரத்தின் இடைவெளியில் முத்துமாரி கையை நீட்டினாள், விரலில் கருவியை மாட்ட. நகம் வெள்ளைத் தாளாக இருந்தது. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "நேத்து கம்மங்கூழு" என்றாள். இன்று? பின்னாலிருந்து மாமியார் சொன்னார்: "கூழக் கரைச்ச சட்டியக் கழுவிக் குடிச்சோம்."

அன்று சாயங்காலம் என் தெருவில் செல்லக்கனி சித்தியிடம் இதைச் சொல்லி அழுதேன். சித்தி எங்கள் சபைப் பெண்களுக்குத் தலைவி மாதிரி, வாயாடி. கோயில் பூட்டியிருந்ததால் ஏலம் இல்லாமல் வாரக்கணக்கில் வீட்டுக்கு வீடு பிடியரிசி டப்பா நிரம்பிக் கிடந்தது. சித்தி ஒரு துவைத்த தலையணை உறையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். சபைக் கமிட்டியில் ஒருவர் வழிமறித்து, "அது ஆண்டவருக்குன்னு எடுத்த அரிசில்லா. வெளியாளுக்குக் குடுக்க யாரு முடிவு பண்ணா?" என்றார்.

"ஆண்டவருக்கா பசிக்கி? அந்தப் பிள்ளத்தாச்சிக்குல்லா பசிக்கி. தள்ளும்" என்றார் சித்தி. கமிட்டிக்காரர் விலகிக்கொண்டார். உறை நிறைந்தது. முட்டையும் முருங்கைக்கீரையும்கூட வந்தன.

மறுநாள் என் வண்டியில் வைத்துக் கொண்டுபோனேன். தகரத்துக்கு மேலாகத் தூக்கி உள்ளே இறக்கினேன். எந்த அரிசி என்று மறைக்கவில்லை, கோயில் அரிசி என்றே சொன்னேன். மாமியார் ஒரு எட்டு பின்னால் போனார். "சாமிக்குன்னு எடுத்ததையா? எங்க குலசாமி கோவிச்சுக்கிடாதா?" முத்துமாரி உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு வாயில் எச்சில் ஊறுவது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் கேட்டாள்.

"நர்ஸம்மா, இதத் தின்னா நாங்க வேதத்துக்கு மாறணுமா?"

பட்டினியில் கிடப்பவள் இப்படிக் கேட்கும்படி யார் அவளுக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறார்கள்? எங்கள் ஆட்களும் சிலர் அப்படி நடந்திருப்பார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"தின்னா வயிறு நெறயும்ட்டி. வேற ஒண்ணும் ஆகாது" என்றேன்.

மாமியார் உறையைக் கிட்டே இழுத்தார். பிறகு முறத்தை எடுத்தார்.

அங்கேதான் என் புத்தி மழுங்கிவிட்டது. அரிசி அரிசிதானே என்று நினைத்தேன். அந்த அம்மாள் வெளிச்சத்துக்காக முறத்தை இடைவெளி ஓரம் கொண்டுவந்து கல் பொறுக்கினார். தெருவில் போன கடைக்கார அண்ணாச்சியின் கண்ணில் அது பட்டது. பொன்னி ஒரு பக்கம், ரேஷன் அரிசி ஒரு பக்கம், இடையிடையே பச்சரிசி. எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் அது எங்கள் கோயில் அரிசி என்று அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன். அன்று மத்தியானமே, நோயைச் சாக்காக வைத்து நர்ஸ் அரிசி கொடுத்து மதம் மாற்றுகிறாள் என்று ஒரு மனு கிளம்பியது. கீழே நிறையக் கையெழுத்து. அந்தக் கைகளில் பாதிக்கு, அவர்கள் பிள்ளைகளாக இருந்தபோது நான்தான் தடுப்பூசி போட்டிருக்கிறேன்.

மனுவுக்காக நான் நிற்கவில்லை. தினமும் போனேன். இரும்புச் சத்து மாத்திரையை என் கண் முன்னால் விழுங்கவைத்தேன். சோறும் முட்டையும் கீரையும் சேர, அவள் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தது. பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு மாமியாரின் சத்தம் தெரு முனைக்கே கேட்டது. பனிக்குடம் உடைந்துவிட்டது, நாள் இருக்கும்போதே. 108க்குச் சொன்னேன். வண்டி உடனே வந்துவிட்டது. ஆனால் ஊருக்குள் நுழையும் வழியில் முதல் நாள் சாயங்காலமே உடைமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். வெளி ஆள் வரக் கூடாதாம். நானே காலையில் வண்டியை வெளியே விட்டுவிட்டு ஓரமாக நுழைந்துதான் வந்திருந்தேன்.

முள்ளை எடுங்கள் என்று கத்தினேன். சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைக்கார அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு, "ஒங்க சாமிட்ட சொல்லி எடுக்கச் சொல்லுங்க" என்றார். கையுறையோடு முள்ளைப் பிடித்து இழுத்தேன். கையுறை கிழிந்தது, கை கிழிந்தது, முள் நகரவில்லை. அப்போது ஆட்டுக்குக் குழை வெட்டப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர், அவருக்கும் முத்துமாரி வீட்டுக்கும் வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தையே கிடையாது, தோளில் இருந்த தொரட்டிக் கம்பை இறக்கினார்.

"தள்ளி நில்லுங்கம்மா. முள்ளு இழுக்கது எங்க தொழிலு" என்று நாலே இழுப்பில் வழியைத் திறந்துவிட்டார். அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஏலே, பொம்பள வலியில கெடக்கா. ஒன் ஞாயத்த அப்புறம் பேசு" என்றார் பெரியவர். அவர் திருநீறு பூசியிருந்தார். இதையும் எழுதிவைக்கிறேன். அன்பு என்றால் எங்கள் சபைக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை.

தகரத்தைப் பிரித்து முத்துமாரியை ஏற்றிக்கொண்டு கோவில்பட்டி போய்ச் சேர்ந்தோம். பெண் குழந்தை. உதிரப்போக்கு அதிகம்தான். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா, "ஏழுல இருந்திருந்தா போயிருப்பாங்க. எட்டரைக்கு ஏத்திக் கொண்டுவந்தது நல்லது" என்றார். பன்னிரண்டு நாளில் அந்த ஒன்றரை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மாத்திரை மட்டும் அல்ல, பட்டினி வயிற்றில் மாத்திரை நிற்காது. குழந்தைக்கு என் பெயரை வைக்கவில்லை, புருஷன் நோய் தீர்ந்து வந்ததும் அவர்கள் குலசாமியின் பெயரை வைத்தார்கள். அதுதான் முறை.

இதற்குப் பிறகு விசாரணை. மெமோ வந்த அன்று சண்முகத்தாய் அக்கா என் வீட்டுக்கு வந்தார். முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எஸ்தரு, ஒரே வரிதான். வீட்ல இருந்த அரிசியக் கொண்டுபோய்க் குடுத்தேன்னு எழுதிக் குடுத்துரு. கோயில்னு வாயே தெறக்காத. மத்த வீடுகளுக்கு நீ ஒன் அரிசிதான குடுத்த? அத மாதிரி இதையும் எழுதிட்டா கேஸு முடிஞ்சுது."

"அது நடக்கலயேக்கா."

"ரிட்டயர் ஆக ரெண்டு வருசந்தான் இருக்கு. பென்சனுக்கு வம்பு வந்துரும்ட்டி."

"நடக்காதத எழுதுனா ஆளு செத்துப்போவும்னு நீங்கதான சொன்னீங்க?"

அக்கா ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது வேற, இது வேற" என்றார். பிறகு, "வேற இல்லதான்" என்றார். காப்பி குடிக்காமல் எழுந்து போய்விட்டார். அக்காவுக்கு என் மேல் கோபம் என்று நினைத்து அன்றெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரணை வட்டார அலுவலகத்தில் நடந்தது. துணை இயக்குநர் நடுவில், மனுக் கொடுத்த அண்ணாச்சி ஒரு பக்கம், நானும் அக்காவும் ஒரு பக்கம். அது கோயில் அரிசிதானா என்று துணை இயக்குநர் கேட்டார். ஆமாம் என்றேன். எங்கள் பெண்கள் ஒவ்வொரு பிடியாக எடுத்துவைத்தது, நான் வாங்கிக் கொண்டுபோனது என்றேன். அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா சார், அவியளே ஒத்துக்கிட்டாவ. அந்த அரிசியத் தின்ன வச்சுத்தான் மாத்துதாவ."

நான் கேட்டேன்: "அண்ணாச்சி, அது எங்க கோயில் அரிசின்னு ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பாத்தா தெரியாதா?"

"தெரியும். பத்து வருசமா ஏலத்துல எடுத்து மாவரைச்சு விக்கிதது நீங்கதான? ஒங்க கடை மாவுல ஊரே இட்லி தோசை சுடுது. இதுவரைக்கும் எத்தன பேரு வேதத்துக்கு மாறுனாவ, சாருக்குச் சொல்லுங்க."

துணை இயக்குநர் கோப்பைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அண்ணாச்சியின் கழுத்துவரை சிவந்தது.

அப்போது அக்கா எழுந்தார். அந்தப் பதினான்கு நாள் பதிவேட்டைத் துணை இயக்குநர் முன்னால் விரித்து, கடைசிக் கட்டத்துக்குக் கீழே ஸ்கேலை வைத்தார். "சார், அத்தியாவசியப் பொருள் கிடைத்ததா? மொத நாள் இல்லை. ரெண்டாம் நாள் இல்லை. மூணாம் நாள் இல்லை. நாலாம் நாள் இல்லை." ஒவ்வொரு நாளாக ஸ்கேலை இறக்கினார். ஒவ்வொரு "இல்லை"க்கும் பக்கத்தில் அக்காவின் பச்சைக் கையெழுத்து இருந்தது. "கையெழுத்துப் போட்டவ நான். மேல அனுப்பியும் வச்சேன். ஒருத்தரும் வரல. அஞ்சாம் நாள்தான் 'உண்டு'ன்னு இருக்கு. மெமோ குடுக்கணும்னா மொத நாலு நாளுக்குக் குடுங்க. எனக்கும் சேத்துக் குடுங்க."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை.

துணை இயக்குநர் நல்ல மனிதர்தான், ஆனால் கோப்பை மூட வேண்டும் அவருக்கு. "இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்கம்மா. முடிச்சிடலாம்" என்று தாளைத் தள்ளினார். நான் எழுதினேன்: "இனி ஒரு வீட்டை அடைத்து நான்கு நாள் சோறு போடாமல் வைத்திருந்தால், எங்கள் கோயில் அரிசியை மறுபடியும் கொண்டுபோவேன்." படித்துப் பார்த்துவிட்டு அவர் பெருமூச்சு விட்டார். என் பணிப் பதிவேட்டில் ஒரு எச்சரிக்கை ஏறியது. மேல்முறையீடு செய்தால் நீக்கிவிடலாம் என்று சங்கத்தில் சொன்னார்கள். நான் செய்யவில்லை. அந்தப் பதிவேட்டில் இருப்பதிலேயே நான் படித்துச் சந்தோஷப்படும் வரி அதுதான்.

அடுத்த வருஷம் தடுப்பூசி வந்தது. அண்ணாச்சி வரிசையில் நின்றார். என் முன்னால் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். வழக்கம்போல "இயேசப்பா" என்று மனதில் சொல்லிக்கொண்டு போட்டேன். கொஞ்சமும் வலிக்காமல் போட்டேன். அதில் இன்றைக்கும் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு.

ஓய்வு பெற்று கோவில்பட்டியில் இருக்கிறேன். போன வருஷம் முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்து படுத்துக் கிடந்தேன். ஒரு மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம். அன்று பிறந்த பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு முத்துமாரி. பஸ் மாறி வந்திருக்கிறாள். இடுப்பில் ஒரு துணிப்பை. அதை என் கட்டிலில் வைத்து அவிழ்த்தாள். அரிசி. ரேஷன் அரிசி, பொன்னி, பச்சரிசி, நடுவில் குதிரைவாலி வேறு.

"என்னட்டி இது?"

"நீங்க படுத்துக் கெடக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். எங்க தெருவுல பதினோரு வீட்ல ஒரு பிடி ஒரு பிடியா வாங்குனேன். தொரட்டிக்காரத் தாத்தா வீட்லயும் குடுத்தாவ."

அழுதுவிடுவேனோ என்று பயந்து கிண்டலில் இறங்கினேன். "இதத் தின்னா நான் ஒங்க குலசாமிக்கு மாறணுமாட்டி?"

அவள் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"தின்னா வயிறு நெறயும் நர்ஸம்மா. வேற ஒண்ணும் ஆகாது."

அவளே அடுப்பைப் பற்றவைத்து ஆக்கினாள். பொன்னி குழைந்துவிட்டது, ரேஷன் அரிசி விதையாக நின்றது, குதிரைவாலி அடியில் பிடித்துவிட்டது. மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பை ஊன்றிக்கொண்டு, வழக்கம்போல எங்கள் கோயிலுக்கே போனேன்.